மூன்று வரித் திருத்தத்தை எப்படிப் படிப்பது, எப்போது ஏற்பது

ஒரு திறமூல லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பை) தனியொருவராகப் பராமரித்து வருவதாகவும், முன்பின் அறியாதவர்களிடமிருந்து இரண்டு மூன்று வரிகளுக்குள் அடங்கும் திருத்தங்கள் அடிக்கடி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழை, எங்கோ விடுபட்டுப்போன 'நல்' (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) சோதனை, மாறி ஒன்றின் பெயர்மாற்றம் என்ற அளவில் இருக்கும் இவற்றைப் பார்த்தவுடனேயே இணைத்துவிடலாமா, அல்லது பெரிய மாற்றங்களுக்குச் செய்யும் அத்தனை பரிசோதனைகளையும் இவற்றுக்கும் செய்ய வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. சிறு திருத்தத்துக்கு விரைவான முடிவு தேவை, விரைவான வாசிப்பு தேவையில்லை என்பதே என் பதில். நடைமுறையில் பல திட்டங்களில் இது தலைகீழாக நடக்கிறது: மூன்று வரிதானே என்று மேலோட்டமாகப் பார்க்கிறார்கள், பிறகு ஒரு பெயருக்காகவும் காற்புள்ளிக்காகவும் இரண்டு வாரம் விவாதிக்கிறார்கள்.

முதலில் 'சிறியது' என்ற சொல்லை எதை வைத்து அளக்கிறோம் என்று பார்க்க வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டின் (திருத்தத்தை இணைக்கச் சொல்லி வரும் கோரிக்கையின்) தலைப்பில் பச்சையிலும் சிவப்பிலும் தெரியும் வரி எண்ணிக்கை, அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதைத்தான் ஓரளவுக்குச் சொல்லும். தவறாகப் போனால் எவ்வளவு சேதம் ஆகும் என்பதைச் சொல்லாது. 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின், சிவிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த நகலுக்குள் எவரோ இரண்டு வரிகளை நுழைத்தார்கள். வெயிட்4 என்ற சிஸ்டம் காலுக்குள் (நிரல்கள் கெர்னலிடம் சேவை கேட்கும் அழைப்புக்குள்), செல்லாத தேர்வுகள் வந்தால் பிழையைத் திருப்பியனுப்பும் சாதாரண நிபந்தனையைப் போலவே அது தோன்றியது. ஆனால் பயனர் எண் 0 தானா என்று ஒப்பிடுவதுபோல் காட்சியளித்த இடத்தில் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறி இருந்தது. ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, மதிப்பையே மாற்றும்; 0 என்பதோ எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் எண். ஆகவே அந்த வரி எதையும் ஒப்பிடாமல், அழைத்தவருக்கு ரூட் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்திருக்கும். கெர்னலின் முதன்மைக் களஞ்சியம் அப்போது பிட்கீப்பர் என்ற வேறொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது; நகலில் காணப்பட்ட மாற்றத்துக்கு அங்கே ஒப்புதல் பதிவு எதுவும் இல்லாததால்தான் அது சிக்கியது. வெறும் கண்ணால் படித்து அதைப் பிடித்திருப்பேன் என்று என்னால் துணிந்து சொல்ல முடியாது.

கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலும் இப்படி நடக்கும். 2006இல், லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனில், மறைகுறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், துவக்கப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாக வால்கிரைண்ட் கருவி கொடுத்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக இரண்டு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று, சீரற்ற எண் உருவாக்கிக்குள் விதைகளை (ஊகிக்க முடியாத தொடக்க மதிப்புகளை) கலக்கும் வரி. அது போன பிறகு அந்த உருவாக்கிக்கு மிஞ்சிய ஒரே மாறுபாடு, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் செயல்முறை எண் மட்டுமே. ஒரே வகை, ஒரே நீளமுள்ள மறைகுறியாக்கச் சாவிகளுக்கு மொத்தம் சுமார் 32,000 வாய்ப்புகளே இருந்தன. 2008 மே மாதத்தில்தான் இது வெளியே வந்தது. மாற்றத்தைச் செய்தவர் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார், மறுப்பும் வரவில்லை என்பது இதில் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும் செய்தி. இரண்டு வரி பற்றிய கேள்வி என்பதால் பதிலும் இரண்டு வரியளவு யோசனையோடு வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே பேட்ச் (இணைக்கும்படி அனுப்பப்படும் திருத்தம்) ஒன்று வந்தவுடன் நான் பார்ப்பது மூன்று விஷயங்களை: நிரல் ஓடும்போது அதன் நடத்தை மாறுகிறதா, மாறினால் அந்த மாற்றம் வெளியிலிருந்து யார் கண்ணில் படும், தவறாக இருந்தால் அது எப்போது, எப்படித் தெரியவரும். கருத்துரையிலோ ஆவணத்திலோ உள்ள எழுத்துப்பிழை முதல் கேள்வியைத் தாண்டாது. ஒருமுறை படித்துவிட்டு அன்றே இணைத்துவிடலாம். அதே எழுத்துப்பிழை மேற்கோள்குறிகளுக்குள், நிரல் அச்சிடும் ஒரு செய்தியில் இருந்தால் கதை வேறு. நான் பராமரித்த தேதி வாசிப்பு லைப்ரரி ஒன்றில், பிழைச் செய்தியில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதை ஒருவர் திருத்தி அனுப்பினார். நன்றி சொல்லி ஐந்து நிமிடத்தில் இணைத்தேன். அடுத்த வெளியீட்டுக்குப் பிறகு, அந்தச் செய்தியின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பிழை வகையைக் கண்டறிந்துகொண்டிருந்த இரண்டு திட்டங்கள் உடைந்துபோயின. அப்படி ஒப்பிட்டது அவர்கள் தவறுதான் என்று வாதிடலாம். ஆனால் வேறு வழியில் வகையைக் கண்டறிய என் லைப்ரரி அவர்களுக்கு இடம் தரவில்லை என்பதும் உண்மை. இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்டிடிபி நெறிமுறையில் 'ரெஃபரர்' தலைப்பு ஓர் 'ஆர்' எழுத்து குறைந்து எழுதப்பட்ட பிழையுடனேயே 1996இல் ஆவணப்படுத்தப்பட்டு இன்றுவரை அப்படியே இருப்பதற்கும் இதுவே காரணம்: வெளியே போய்விட்ட பெயர், பிழையாக இருந்தாலும், ஓர் ஒப்பந்தம். உங்கள் கேள்வியில் உள்ள மாறிப் பெயர்மாற்றமும் அப்படித்தான். ஃபங்ஷனுக்குள் உள்ள மாறி என்றால் ரசனை சார்ந்த விஷயம். பைத்தான் போன்ற மொழியில் அது ஓர் அளவுருவின் பெயர் என்றால், பெயர் சொல்லி அழைக்கும் ஒவ்வொருவரின் நிரலும் உடையும்.

நல் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு பங்களிப்புகளில் அடிக்கடி வருவதும், பார்க்கக் குற்றமற்றதாகத் தெரிவதும், பின்னால் அதிகம் தொல்லை தருவதும் அதுதான். ஒருவருடைய நிரல் உங்கள் ஃபங்ஷன் ஒன்றில் விழுந்து நிற்கிறது. அவர் அந்த வரிக்கு மேலே 'மதிப்பு நல் என்றால் வெறுமனே திரும்பிவிடு' என்று எழுதி அனுப்புகிறார். அவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, தானியங்கிச் சோதனைகளும் பச்சையாக, அதாவது வெற்றியாக, இருக்கின்றன. ஆனால் அந்த இடத்துக்கு நல் வரவே கூடாது என்பது உங்கள் வடிவமைப்பாக இருக்குமானால், தவறு மூன்று ஃபங்ஷன்களுக்கு முன்னால், கோப்பைத் திறக்க முடியாதபோது பிழையை விழுங்கிவிட்ட ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. புதிய நல் சோதனை அந்தத் தவறைச் சரிசெய்யவில்லை. அது தெரியாதபடி மூடுகிறது. நேற்றுவரை சத்தமாக விழுந்த நிரல், இனிமேல் பாதித் தரவோடு அமைதியாக முடியும். ஆகவே இத்தகைய பேட்ச்சுக்கு நான் கேட்கும் ஒரே கேள்வி, நல் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான். கூடவே விழுந்தபோது கிடைத்த ஸ்டாக் டிரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலையும்) கேட்பேன். பதில் தெரிந்தால் திருத்தம் பெரும்பாலும் வேறு கோப்புக்கு நகர்ந்துவிடும். பங்களிப்பாளருக்குத் தெரியாவிட்டால், அவரைக் காத்திருக்க வைக்காமல், அவர் அனுப்பியதை ஒரு பிழை அறிக்கையாகக் கருதி நானே தேடுவேன். நல்ல பிழை அறிக்கை மோசமான பேட்ச்சின் உருவத்தில் வருவது வழக்கம்தான். பேட்ச்சை மறுக்கும்போது அறிக்கையையும் சேர்த்து மூடிவிடக் கூடாது.

சில கோப்புகளில் ஒரு வரிகூடச் சிறியதல்ல. சார்புநிலைகளை, அதாவது உங்கள் நிரல் பயன்படுத்தும் பிற தொகுப்புகளின் பதிப்புகளை, பூட்டி வைக்கும் லாக் கோப்பு அவற்றில் முதலாவது. அதில் உள்ள முகவரியையும் செக்சம்மையும் (இறங்கிய கோப்பு சரியானதா என்று சரிபார்க்கும் எண்ணையும்) மாற்றினால், அதே பெயருள்ள தொகுப்பு வேறோர் இடத்திலிருந்து இறங்கும். பல நூறு வரிகள் மாறியதாகக் காட்டும் கோப்பில் அந்த ஒரு வரியை எவரும் படிப்பதில்லை. அந்நியர் அனுப்பும் லாக் கோப்பு மாற்றத்தை நான் ஏற்பதே இல்லை. பதிப்பு எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை என் கணினியில் புதிதாக உருவாக்குகிறேன். நிரலைக் கட்டும் பில்ட் ஸ்கிரிப்டுகளும் தானியங்கிச் சோதனைகளின் அமைப்புக் கோப்புகளும் இதே வகைதான், ஏனெனில் அங்கே வரும் மாற்றம் இணைப்பதற்கு முன்பே உங்கள் இயந்திரத்திலோ களஞ்சியத்தை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பின் இயந்திரத்திலோ ஓடத் தொடங்கிவிடலாம். முதன்முறை பங்களிப்பவர்களின் புல் ரிக்வெஸ்ட்டுகளுக்குப் பராமரிப்பாளர் ஒப்புதல் தந்தால்தான் அதன் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸ் ஓடும் என்ற கட்டுப்பாட்டை 2021இல் கிட்ஹப் கொண்டுவந்தது. இலவசக் கணிப்புத் திறனைக் கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்படுத்தியவர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஒப்புதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நீங்கள் வரிகளைப் படித்திருக்க வேண்டும். சோதனை பச்சையாகட்டும், பிறகு பார்ப்போம் என்ற வரிசை இங்கே பொருந்தாது.

படிக்கும் முறைக்கு வருகிறேன். உலாவியில் தெரியும் வேறுபாட்டுத் துண்டு, மாறிய வரிக்கு மேலும் கீழும் மூன்று வரிகளைத்தான் காட்டும். அந்தச் சாளரம் வழியாக மட்டும் பார்த்தால் ஏறக்குறைய எந்தத் திருத்தமும் சரியாகவே தோன்றும். திருத்தம் இருக்கும் கிளையை (நிரலின் தனிப் பதிப்பை) உங்கள் கணினிக்கு இறக்கி, முழு ஃபங்ஷனையும், அதை அழைக்கும் இடங்களையும் திறந்து பாருங்கள். நீண்ட வரியில் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தால், மாற்ற வரலாற்றைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் சொல் வாரியாக வேறுபாடு காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதே பிழை வேறு எங்கேனும் இருக்கிறதா என்று களஞ்சியம் முழுவதும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் எல்லைச் சோதனையைத் தவறவிட்டவர் அதே வாரம் எழுதிய இன்னோர் ஃபங்ஷனிலும் தவறவிட்டிருப்பார். (அந்தத் 'தவறவிட்டவர்' என் விஷயத்தில் பெரும்பாலும் நானேதான்.) பேட்ச்சோடு ஒரு சோதனையும் வந்திருந்தால், திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்தச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். அது தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அது எதையும் சோதிக்கவில்லை. இதற்கு ஆகும் ஒரு நிமிடத்தைப் போலப் பயன் தரும் நிமிடம் மீளாய்வில் வேறில்லை என்பது என் அனுபவம். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல்: யூனிகோடின் திசை மாற்றும் குறிகளைப் பயன்படுத்தி, மனிதருக்கு ஒன்றாகவும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வேறாகவும் தெரியும் நிரலை எழுத முடியும் என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். கிட்ஹப் இப்போது எச்சரிக்கை காட்டுகிறது. உங்கள் எடிட்டரும் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடை மாற்றங்கள், அதாவது இடைவெளி, வரிப்பிரிப்பு, ஒற்றை மேற்கோள்குறியை இரட்டையாக்குவது போன்றவற்றை நான் ஏற்பதில்லை. வலைச்செயலிகள் எழுத உதவும் ரயில்ஸ் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டி, நிலைத்தன்மைக்கோ செயல்பாட்டுக்கோ சோதிக்கும் தன்மைக்கோ எதுவும் சேர்க்காத ஒப்பனை மாற்றங்கள் பொதுவாக ஏற்கப்படமாட்டா என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இது கஞ்சத்தனம் போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருவர் படிக்கும் நேரம் செலவாகிறது, நிலுவையிலுள்ள மற்ற கிளைகளோடு மோதல் வருகிறது, ஒரு வரி ஏன் இப்படி இருக்கிறது என்று வரலாற்றைத் தேடுபவருக்கு உண்மையான கமிட்டுக்கு (களஞ்சியத்தில் பதிவான மாற்றத்துக்கு) முன்னால் ஓர் அர்த்தமற்ற கமிட் குறுக்கே நிற்கிறது. நடை முக்கியம் என்று நினைத்தால் நடையைத் தானாகச் சீராக்கும் ஃபார்மேட்டரை நீங்களே ஒருமுறை முழுக் களஞ்சியத்திலும் ஓட்டி, அந்த ஒரே கமிட்டை வரி வரலாற்றிலிருந்து விலக்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல் அந்த வசதி இருக்கிறது. அதற்குப் பின் நடை பற்றி மனிதர்கள் பேசிக்கொள்ளத் தேவையே இருக்காது.

இனி, ஏற்கத்தக்க பேட்ச் ஒன்றில் சிறு குறைகள் இருக்கும்போது என்ன செய்வது? பெரிய மாற்றம் என்றால் திருத்தி அனுப்பச் சொல்வதுதான் முறை. எழுதியவருக்கே அதைப் பற்றி அதிகம் தெரியும். மூன்று வரித் திருத்தத்தில் அப்படியல்ல. கமிட் செய்தியை மாற்று, மாற்றப் பதிவில் ஒரு வரி சேர், மாறிப் பெயரைச் சீராக்கு என்று மூன்று முறை திருப்பியனுப்பினால், அவர் செலவழித்த பத்து நிமிடம் மூன்று நாளாகும். பலர் இரண்டாம் சுற்றிலேயே காணாமல்போவார்கள், பாதி முடிந்த புல் ரிக்வெஸ்ட் உங்கள் பட்டியலில் வருடக்கணக்கில் கிடக்கும். நீங்களே திருத்தி இணைத்துவிடுங்கள். கிட்டில் எழுதியவர் பெயரும் கமிட் செய்தவர் பெயரும் தனித்தனியே பதிவாவதால், நீங்கள் திருத்தினாலும் உழைப்பு அவர் பெயரிலேயே நிற்கும். லினக்ஸ் கெர்னலில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு: பேட்ச்சை மாற்றி இணைக்கும் பராமரிப்பாளர், தான் மாற்றியது என்ன என்பதைச் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாக எழுதி, அதன் கீழே தன் கையொப்ப வரியை (Signed-off-by) சேர்ப்பார். பிற்காலத்தில் அந்த மாற்றத்தில் தவறு தெரிந்தால் பழி தவறான ஆளின் மேல் விழாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அவருடைய பேட்ச்சை மூடிவிட்டு, அதே திருத்தத்தை உங்கள் பெயரில் எழுதி இணைக்காதீர்கள். நேரம் மிச்சப்படுத்தவே செய்திருந்தாலும், மறுபக்கத்தில் அது திருட்டாகவே தெரியும்.

உரிமம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சிறு பங்களிப்புகளில்தான் இந்தக் கேள்வி விசித்திர வடிவம் எடுக்கிறது. கெர்னல் திட்டம், லினக்ஸில் தன் நிரல் இருப்பதாக எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கின் பின்னணியில், 2004 முதல் ஒவ்வொரு பேட்ச்சிலும், இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் கையொப்ப வரியைக் கேட்கிறது; ஒரு காற்புள்ளித் திருத்தமானாலும் விலக்கில்லை, ஆனால் அது ஒரே ஒரு வரி என்பதால் யாருக்கும் பாரமில்லை. பதிப்புரிமையை எழுத்துபூர்வமாக மாற்றித் தரக் கோரும் க்னூ திட்டங்கள், சுமார் 15 வரிகளுக்குக் குறைவான மாற்றம் சட்டப்படி பொருட்படுத்தத் தக்கதல்ல என்று கருதி விலக்கு தருகின்றன. அவற்றில் ஒன்றான ஈமாக்ஸ் எடிட்டரில் அத்தகைய கமிட்டுகளில் அந்த விலக்கைக் குறிக்கும் தனி வரியே எழுதப்படுகிறது. ஆனால் ஒரே நபர் பத்துமுறை ஐந்து வரி அனுப்பினால் அவை கூட்டிப் பார்க்கப்படும். உங்களுடையதுபோன்ற ஒருவர் லைப்ரரிக்குக் கையொப்ப வரியே போதும் என்பது என் கருத்து; எழுத்துப்பிழை திருத்த வந்தவரிடம் ஒப்பந்தப் படிவத்தை நீட்டுவது அவரைத் துரத்துவதற்குச் சமம்.

மறுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அன்றே, காரணத்தோடு, இரண்டு வாக்கியத்தில். 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு பரிசாகத் தரும் டி-சட்டைக்காக, ஆவணங்களில் பொருளற்ற சொற்களைச் சேர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டுகள் பல திட்டங்களில் வந்து குவிந்தன. விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களில் செய்யும் பங்களிப்பே கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவற்றுக்கு விளக்கம்கூடத் தேவையில்லை. இயந்திரம் எழுதித் தந்ததை அப்படியே அனுப்புபவர்கள் இப்போது பெருகியிருப்பதால், விளக்கம் எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு தகுதியாகக் கொள்ளும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். பிழை உண்மையில் நிகழ்கிறதா என்பதை மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பதே அளவுகோல்.

மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கெர்னலுக்கு அனுப்பிய பேட்ச்சுகள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. சிறு பிழையைத் திருத்துவதுபோலத் தோன்றி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்தும் ஓட்டையை உருவாக்கும் மாற்றங்களை மீளாய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று, சொல்லாமல் சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழக முகவரிகளிலிருந்து வரும் பங்களிப்புகளே தடைசெய்யப்பட்டன. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் செய்தது முறைகேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த வடிவத்தைக் கவனியுங்கள்: பிழை கையாளும் பாதைகளில் சில வரிகள் மட்டும். அரிதாக ஓடும், சோதனைகள் எட்டாத, படிப்பவர் கண் தாவிச் செல்லும் இடம் அது. உங்கள் லைப்ரரியிலும் சிறு பேட்ச் ஒன்று பிழைப் பாதையைத் தொட்டால், அங்கே வாசிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கடைசியாக, ஒரே நபரிடமிருந்து நான்காவது, ஐந்தாவது நல்ல திருத்தம் வரும்போது, இணைக்கும் உரிமையை அவருக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தனியாளாகச் சுமப்பவருக்கு அது நியாயமான ஆசை. நானும் கொடுத்திருக்கிறேன், பெரும்பாலும் நன்றாகவே முடிந்திருக்கிறது. ஆனால் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (xz) திட்டத்தில் பின்கதவை (ரகசிய நுழைவழியை) வைத்தவரும் 2021இல் சின்னஞ்சிறு, பயனுள்ள பேட்ச்சுகளோடுதான் வந்தார். 2024 மார்ச்சில் அது வெளிப்பட்ட பிறகு திரும்பிப் பார்த்தபோது, பில்ட் கோப்பு ஒன்றில் அவர் சேர்த்திருந்த ஒற்றைப் புள்ளியும் கண்டுபிடிக்கப்பட்டது. லேண்ட்லாக் பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் அந்தப் புள்ளியால் எப்போதும் கம்பைல் ஆகாமல் போனதால், அந்த வசதி சத்தமின்றி அணைந்திருந்தது. பின்கதவை முடுக்கிவிடும் ஸ்கிரிப்டோ கிட் களஞ்சியத்தில் இல்லவே இல்லை, 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளின் தொகுப்புக் கோப்புகளில் மட்டும் இருந்தது. ஆகவே உரிமைகளைப் பிரித்துக் கொடுங்கள்: பிழை அறிக்கைகளை வகைப்படுத்தும் உரிமையை முதல் மாதத்திலேயே தரலாம், இன்னொருவர் ஒப்புதலோடு இணைக்கும் உரிமையை அதற்குப் பின் தரலாம், வெளியீட்டுத் தொகுப்பை எவர் கணினியிலும் கையால் கட்டாமல், குறியிடப்பட்ட கமிட்டிலிருந்து தானாக உருவாகும்படி அமைத்துவிட்டு, அந்த அமைப்புக் கோப்பைத் தொடும் ஒவ்வொரு வரிக்கும் இருவர் ஒப்புதல் வேண்டும் என்று இப்போதே வைத்துவிடுங்கள்.